மதர்போட்டில் இல்லாத எச்டிஎம்ஐயைப் பொருத்தப் போன 23 நாட்கள்

பழைய ஒபிஸ் கொம்பியூட்டர் ஒன்றைத் திறந்து, மொனிட்டர் வயரைக் கொழுவுகிற எச்டிஎம்ஐ சொக்கட் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டு, ஒரு சொக்கட்டை வாங்கி ஈயம் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிற யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து ஈயம் உருக்குகிற அயனைச் சூடாக்க முதல் கடைசிவரை வாசியுங்கள். எனக்கு 23 நாட்களும் 16,700 ரூபாவும் போனது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இருக்கிறது, அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த ஒரு அறையில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறேன். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் எல்லாம் வரும், ஆனால் முக்கால்வாசி வருமானம் கல்வெட்டில்தான். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். அதில் தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாவற்றையும்விடக் கவனம் எடுக்கவேண்டியது வம்சாவளிப் பக்கம். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் கனடாவில், யார் லண்டனில், ஒரு பெயர் விடுபட்டாலும் அந்தக் குடும்பத்தில் வருடக்கணக்காகக் கதை நடக்கும். அதனால் நான் ஒரு திரையில் வேலை செய்ய, பக்கத்தில் இன்னொரு திரையில் முழுப் பக்கமும் தெரிய, வீட்டுக்காரர் கதிரையைப் போட்டு இருந்து ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார்கள். இரண்டு மொனிட்டர் எனக்கு ஆடம்பரம் இல்லை.

என்னுடைய பழைய இயந்திரம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நின்றுவிட்டது. நோட்டீஸ் வேலைகள் குவிகிற நேரம். அவசரத்தில் 38,000 ரூபாவுக்கு ஒரு ரீகண்டிஷன் ஒபிஸ் கொம்பியூட்டர் வாங்கினேன், ஒடுக்கமான சின்னக் கேசிங், 4ஆம் தலைமுறை ஐ5, எச்81 சிப்செட் (சிபியுவை மற்றப் பாகங்களோடு இணைக்கிற சிப்). வேலைக்குப் போதுமான வேகம். கடைக்காரர் அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது, நானும் பின்பக்கத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால், மொனிட்டர் கொழுவப் பழைய வகை விஜிஏ ஒன்று மட்டும். என்னிடம் இருந்தது ஒரு பழைய 19 அங்குல விஜிஏ மொனிட்டரும், போன வருடம் வாங்கிய, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள 24 அங்குல மொனிட்டரும். ஆகவே முதல் விஷயம்: பழைய ஒபிஸ் இயந்திரம் வாங்கும்போது பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் மொனிட்டர் வயர்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஒரே மொடல் இலக்கத்திலேயே ஒன்றில் எச்டிஎம்ஐ இருக்கும், மற்றதில் இருக்காது. கம்பனிகள் பெரிய அலுவலகங்களுக்குக் கேட்ட கேட்ட மாதிரிச் செய்து கொடுத்த இயந்திரங்கள் இவை.

முதலில் ஒரு விஜிஏ ஸ்பிளிட்டர் வாங்கினேன், மற்ற மொனிட்டருக்காக விஜிஏயை எச்டிஎம்ஐயாக மாற்றுகிற ஒன்றும் சேர்த்து, 1,200 ரூபா. இரண்டு திரையும் எரிந்தது, இரண்டிலும் ஒரே படம். ஸ்பிளிட்டர் ஒரு படத்தைப் பிரதி எடுத்துத்தான் கொடுக்கும், இரண்டாவது திரையை அது உண்டாக்காது. இரண்டு வேறு படம் வேண்டுமென்றால் கொம்பியூட்டருக்குள்ளிருந்தே இரண்டு வெளியீடு வரவேண்டும். இது தெரிந்தவர்களுக்குச் சின்ன விஷயம், எனக்கு அன்று தெரியாது.

அன்று இரவு கேசிங்கைத் திறந்தேன். விஜிஏக்குப் பக்கத்தில், பின்பக்கத் தகட்டில் மூடியிருந்த ஒரு சின்னச் சதுரத்துக்கு நேரே, மதர்போட்டில் 19 மெல்லிய செப்புத் திட்டுகள் வரிசையாக, நாலு மூலையிலும் கால் இறங்குகிற துளைகளோடு இருந்தன. பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று வெள்ளையில் அச்சடித்தும் இருந்தது. எனக்கு அந்த நேரம் வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. கம்பனிக்காரன் சொக்கட்டை மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறான், அதை நான் வைத்துவிட்டால் சரி என்று நினைத்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் அண்ணாவோடு சேர்ந்து ரேடியோ திருத்தியிருக்கிறேன், ஈயம் வைக்கத் தெரியும் என்ற துணிவும் இருந்தது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மைக்ரோஸ்கோப் வைத்துப் போன் திருத்துகிற ஒரு அண்ணை இருக்கிறார். அடுத்த நாள் மதர்போட்டின் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காது குத்தியிருக்கு எண்டதுக்காகத் தோடு வாங்கியாச்சு எண்டு அர்த்தமே, பிள்ளை?" என்றார். சொக்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சின்ன வெற்றுத் திட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் ஆர் வைக்கிறது? ஒரு கார்ட் வாங்கிக் குத்துங்கோ, அதுதான் சுகம்" என்றும் சொன்னார். அவர் சொன்னதை நான் கேட்டிருக்கவேண்டும். அவர் சொன்ன கிராபிக்ஸ் கார்ட்டை விசாரித்த ஒரே ஒரு கடையில் எல்லாம் பெரிய கார்ட்களாகத்தான் இருந்தன, என்னுடைய ஒடுக்கமான கேசிங்குக்குள் அவை போகாது. கட்டையான கார்ட் வர நாளாகும், பத்தாயிரம் அளவில் வரும் என்றார்கள். எச்டிஎம்ஐ சொக்கட் ஒன்று 150 ரூபா. மனம் 150 ரூபாப் பக்கம்தான் போனது.

கொழும்பிலிருந்து கூரியரில் ஐந்து சொக்கட் எடுத்தேன், 750 ரூபா. சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 60 வோட் அயன் 4,500. ஈயம் நன்றாகப் பிடிக்கப் பூசுகிற பிளக்ஸும் ஈயம் உறிஞ்சுகிற செப்புப் பின்னலும் 1,650. பூதக்கண்ணாடி வைத்த மேசை லைட் 3,200. பிளக்ஸ் பற்றி ஒரு விஷயம். ஹாட்வெயார் கடைகளில் தகரம், பைப் ஒட்டுவதற்கு ஒரு பசை விற்பார்கள், அது அமிலம். அதை மதர்போட்டில் பூசினால் அன்று ஒன்றும் தெரியாது, நாள் போகப் போக மெல்லிய செப்புக் கோடுகளை அரித்துவிடும். இலத்திரனியல் வேலைக்கு என்று விற்கிற ரோசின் வகையைத்தான் வாங்கவேண்டும். இந்த ஒன்றிலாவது நான் தப்பினேன்.

மற்றதில் தப்பவில்லை. வெறுமையாக விட்ட துளைகளைத் தொழிற்சாலையில் ஈயத்தால் நிரப்பியிருந்தார்கள். அதுவும் லெட் என்கிற ஈய உலோகம் கலக்காத புது வகைக் கலவை, கிட்டத்தட்ட 217 பாகையில்தான் உருகும். நாங்கள் பாவிக்கிற, வெள்ளீயமும் லெட்டும் கலந்த 63/37 ஈயம் 183 பாகையில் உருகிவிடும். அதோடு எச்டிஎம்ஐயின் நாலு கால்களும் மதர்போட்டுக்குள் ஒளிந்திருக்கிற பெரிய கிரவுண்ட் செப்புத் தளத்தோடு சேர்ந்திருக்கின்றன, நீங்கள் கொடுக்கிற சூட்டை அந்தத் தளம் முழுதாகக் குடித்துவிடும். நான் பொறுமை இழந்து அயனை அழுத்திக்கொண்டு சூட்டைக் கூட்டினேன். சரியான முறை என்னவென்றால், முதலில் சாதாரண ஈயத்தைக் கொஞ்சம் அந்தத் துளைக்குள் கலந்துவிடவேண்டும், கலவை இளகி உருகும் சூடு குறையும், அதற்குப் பிறகு செப்புப் பின்னலை வைத்து உறிஞ்சினால் இலேசாக வரும். முடிந்தால் கீழே இருந்து சூடான காற்றுக் கொடுத்து மதர்போட்டையே கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் இன்னும் நல்லது. இதை நான் மூன்று துளைகளைப் பாழாக்கின பிறகு படித்தேன்.

19 கால்களும் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. முதல் தடவை வைத்தபோது நாலு இடத்தில் ஈயம் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அதை எடுக்கப் பின்னலை வைத்து இழுத்தேன், 7ஆம் காலின் செப்புத் திட்டு மதர்போட்டிலிருந்து பிய்ந்து பின்னலோடு வந்துவிட்டது. அந்தச் சத்தமில்லாத ஒரு கணம், கையில் இருந்த பின்னலின் நுனியில் தலைமயிர் அளவு செப்புத்துண்டு மினுங்கினதைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. எனாமல் பூசின மெல்லிய வயர் ஒன்றால் ஒரு பாலம் போட்டேன். மல்டிமீட்டரில் தொடர்பு காட்டியது, அதோடு மனம் ஆறியது. பின்னல் தானாக வழுக்கி வரும்வரை காத்திருக்கவேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கும்போது இழுக்கவே கூடாது. இந்த ஒரு இழுப்பின் விலையை நான் கடைசி நாள்தான் விளங்கிக்கொண்டேன்.

சொக்கட் வடிவாக இருந்தது. மொனிட்டரைக் கொழுவிப் போட்டால், சிக்னல் இல்லை. விஜிஏயில் எல்லாம் வழமைபோல வேலை செய்கிறது, எச்டிஎம்ஐ பக்கம் ஒரு அசைவும் இல்லை.

அந்த இரவுகளில்தான் எச்டிஎம்ஐ என்றால் என்ன என்று உண்மையில் படித்தேன், படித்ததை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைத்தான் எனக்கு யாரும் முன்னுக்குச் சொல்லவில்லை. படத்தைக் கொண்டுபோவது நாலு சோடி வயர்கள், மூன்று சோடி நிறத்துக்கு, ஒரு சோடி நேரம் பிடிப்பதற்கு. 4ஆம் தலைமுறை இன்டெலில் இந்தச் சோடிகள் சிப்செட்டிலிருந்து வருவதில்லை, நேரே சிபியுவிலிருந்து வருகின்றன, விஜிஏ மட்டும் சிப்செட்டிலிருந்து வருகிறது. ஆகவே விஜிஏ வேலை செய்வது எச்டிஎம்ஐ பற்றி எதையும் நிரூபிக்காது. சிபியுவிலிருந்து வருகிற சிக்னலும் மொனிட்டர் எதிர்பார்க்கிற சிக்னலும் மின் அளவில் ஒன்றில்லை, இடையில் ஒரு பொருத்தம் செய்யவேண்டும். அதற்கென்று ஒரு சிப் வைப்பார்கள், இல்லாவிட்டால் மலிவான வழியாக எட்டு வயருக்கும் 0.1 மைக்ரோபராட் கப்பாசிட்டர் ஒவ்வொன்றும், கிரவுண்டுக்கு இறங்குகிற ரெசிஸ்டர் ஒவ்வொன்றும், அந்த ரெசிஸ்டர்களை இணைக்கிற ஒரு மொஸ்பெட்டும், அதாவது சுவிட்ச் மாதிரி ஒரு சாமானும், வைப்பார்கள். 18ஆம் காலுக்கு 5 வோல்ட் போகவேண்டும், ஒரு சின்னப் பியூஸ் வழியாக. மொனிட்டர் தன்னுடைய விபரத்தைச் சொல்வது 15, 16ஆம் கால்களால், அதற்கு 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் பொருத்துகிற இரண்டு மொஸ்பெட், இழுத்துப் பிடிக்கிற ரெசிஸ்டர்கள். மொனிட்டர் கொழுவியிருக்கிறது என்று கொம்பியூட்டருக்குத் தெரிவது 19ஆம் காலால், அதற்கும் தனியாகச் சாமான்கள். என்னுடைய மதர்போட்டில் இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை. மல்டிமீட்டரை 18ஆம் காலில் வைத்தேன், பூச்சியம். சொக்கட் என்பது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அதிலும் மலிவான கண்ணி.

ஆகவே உங்களிடம் இப்படி ஒரு மதர்போட் இருந்தால், அயனைத் தொட முதல் சொக்கட் திட்டுகளுக்குப் பின்னால் பாருங்கள். கப்பாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் ஏற்கெனவே வைத்திருந்து சொக்கட் மட்டும் இல்லையென்றால் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. அங்கேயும் வெறுமை என்றால் மூடி வையுங்கள். இரண்டு நிமிட வேலை இது. இன்னொன்று, உங்கள் சிப்செட் எத்தனை திரையைத் தாங்கும் என்று இன்டெலின் தளத்திலேயே பார்க்கலாம். எச்81 இரண்டு திரைதான். எனக்கு விஜிஏ ஒன்று எச்டிஎம்ஐ ஒன்று என்பதால் அது போதும், ஆனால் ஏற்கெனவே இரண்டு போட் (மொனிட்டர் கொழுவுகிற வாய்) உள்ள எச்81இல் மூன்றாவதைச் சேர்க்க நினைத்தால் எவ்வளவு வடிவாக ஈயம் வைத்தாலும் மூன்றும் ஒன்றாக எரியாது.

நான் மூடி வைக்கவில்லை. இவ்வளவு செலவழித்துவிட்டேன், இன்னும் கொஞ்சம்தானே என்ற எண்ணம். இதே மொடலின் எச்டிஎம்ஐ உள்ள மதர்போட்டை ஒன்லைனில் விற்கிறவர்கள் போட்ட தெளிவான படங்களைத் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கம் வைத்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று குறித்தேன். 28 இடங்கள். பெரும்பாலான சாமான்கள் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். பழுதான ஒரு மதர்போட்டிலிருந்து அவற்றைக் கழற்றி வைக்க அந்தப் போன் அண்ணையிடமே திரும்பப் போனேன். அவர் என்னைப் பேசவில்லை. "சரி கொண்டாங்கோ பாப்பம்" என்று இரண்டு பின்னேரம் இருந்து, 3,000 ரூபாவுக்கு எல்லாவற்றையும் வைத்துத் தந்தார். அவ்வளவு நுண்ணிய வேலைக்கு அது சின்னக் காசு.

திரும்பவும் சிக்னல் இல்லை. ஆனால் இப்போது 18ஆம் காலில் 5 வோல்ட் இருந்தது.

இந்த இடத்தில்தான் அந்த இழப்பு. முதல் கிழமை, இயந்திரம் துண்டு துண்டாக மேசையில் கிடந்தபோது, இணுவிலில் இருந்து ஒரு அம்மா வந்தா. கணவர் தவறி 12 நாள். ஐந்து பிள்ளைகள், நாலு பேர் வெளிநாட்டில். கல்வெட்டு 18,000 ரூபாவுக்குப் பேசினோம். நான் இரண்டு நாளில் இயந்திரம் சரியாகிவிடும் என்று சொன்னேன், அப்படித்தான் உண்மையாக நம்பினேன். இரண்டு நாள் நாலானது, நாலு எட்டானது. ஒவ்வொரு முறை விஜிஏயில் மட்டும் கொழுவி வேலையைத் தொடங்க நினைப்பேன், பிறகு இன்று இரவு இதை முடித்துவிடலாம் என்று மதர்போட்டை மீண்டும் கழற்றுவேன். அந்தியேட்டி யாருக்காகவும் தள்ளிப்போகாது. கடைசியில் அவ வேறு ஓர் அச்சகத்துக்குப் போனா. என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "பரவாயில்லைப் பிள்ளை, உனக்கும் கஷ்டம்தானே" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனா. 31ஆம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைத் தந்தார்கள். அவசரத்தில் அடித்தது. வம்சாவளியில் மூத்த மகளின் இரண்டாவது பிள்ளையின் பெயர் இல்லை. யாரும் அதை அதுவரை கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தப் பெயரைப் பிடிக்கத்தான் எனக்கு இரண்டாவது திரை.

வேலை செய்கிற ஒரே இயந்திரத்தில் இப்படியான பரிசோதனை செய்யவேண்டாம். இதை ஆலோசனை என்று சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மா வேறு அச்சகத்துக்குப் போனபிறகும் நான் தொடர்ந்தது பிடிவாதத்தால்தான், ஆனால் பகல் முழுக்க வேலை, இரவு எட்டுக்குப் பிறகுதான் மதர்போட் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தேன். சாமான் எல்லாம் இருந்தும் ஏன் படம் வரவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, இன்டெலின் சிப்செட் ஒவ்வொரு டிஜிட்டல் போட்டுக்கும் ஒரு அடையாளம் பார்க்கிறது. மொனிட்டரின் விபரம் வருகிற டேட்டா கோட்டைச் சிப்செட் பக்கத்தில் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருந்தால், கொம்பியூட்டர் எழும்புகிற நேரத்திலேயே "இங்கே ஒரு போட் இருக்கிறது" என்று சிப்செட் குறித்துக்கொள்ளும். அந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் போட் இல்லை என்று அர்த்தம். அது சொக்கட்டுக்குக் கிட்ட இல்லை, சிப்செட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, படத்தில் நான் தவறவிட்ட 29ஆவது இடம். அதை வைத்தபிறகு, பென்ட்ரைவில் உபுண்டு போட்டு, லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸைச் சோதிக்கிற கருவிகளால் அந்த அடையாளப் பதிவை வாசித்தேன். போட் இருக்கிறது என்று காட்டியது. உங்களுக்கும் இது உதவும், விண்டோஸில் தலையை உடைக்காமல் ஒரு லினக்ஸ் பென்ட்ரைவ் வைத்துக்கொள்ளுங்கள், எந்தெந்த வெளியீடு இருக்கிறது என்று அது பெயரோடு பட்டியல் போடும்.

பட்டியலில் விஜிஏ மட்டும்தான் இருந்தது. ஏனென்றால் இரண்டாவது காரணம் பயோஸுக்குள், அதாவது கொம்பியூட்டரை எழுப்புகிற மென்பொருளுக்குள். விபிரி என்று ஒரு அட்டவணை, வீடியோ பயோஸ் டேபிள் என்பதன் சுருக்கம், இந்த மதர்போட்டில் எந்தெந்தப் போட் உண்டு, எது எந்த வயரில் என்று கம்பனி அதில் எழுதி வைத்திருக்கும். திரையை இயக்குகிற டிரைவர் மென்பொருள் அதைத்தான் நம்பும். எச்டிஎம்ஐ இல்லாமல் விற்ற இயந்திரத்தில் அந்த வரி இருக்காது. அதை மாற்ற எட்டுக் கால் பயோஸ் சிப்பை வெளியிலிருந்து வாசித்து, திருத்தி, திரும்ப எழுதவேண்டும். சிஎச்341ஏ என்கிற சின்னப் புரோகிராமர், கிளிப்போடு, 2,400 ரூபா. இதில் கவனமாக இருங்கள். கறுப்பு நிற மலிவான சிஎச்341ஏ பலவற்றில் சிப்புக்குச் சக்தி 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், 3.3 வோல்ட் சிப்புக்கு அது கூடாது. கொழுவ முதல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். என்னுடையதில் 5 வோல்ட்தான் வந்தது, திருத்தும் முறை ஒன்லைனில் படத்தோடு இருக்கிறது, ஒரு காலைத் தூக்கி வயர் போடவேண்டும், செய்தேன். மதர்போட்டின் பவர் வயரையும் நாணய பட்டரியையும் கழற்றிவிட்டு, சிப்பை ஒரு தடவை இல்லை மூன்று தடவை வாசியுங்கள், மூன்று கோப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். என்னுடைய முதல் வாசிப்பு மற்ற இரண்டோடும் ஒத்துவரவில்லை, கிளிப் சரியாகக் கவ்வவில்லை. அதை நம்பியிருந்தால் என்னிடம் நல்ல பிரதியே இருந்திருக்காது. எச்டிஎம்ஐ உள்ள மொடலின் பயோஸை அப்படியே எடுத்து எழுதலாமே என்றும் ஆசை வரும். உங்கள் இயந்திரத்தின் சீரியல் இலக்கமும் நெட்வேர்க் முகவரியும் அந்தச் சிப்புக்குள்தான் இருக்கக்கூடும், அதன்மேல் வேறொன்றை எழுதினால் அவை அழியும். உங்களுடைய பிரதியில் அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.

நான் முதல் தடவை திருத்தி எழுதினபோது கொம்பியூட்டர் எழும்பவே இல்லை. விசிறி சுற்றுகிறது, திரை இரண்டும் கறுப்பு. நேரம் இரவு ஒன்றரை. பழைய பிரதியைத் திரும்ப எழுதி, பட்டரியைப் போட்டு, பவர் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பீப் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொல்கிறேன்.

22ஆம் நாள் இரவு, அட்டவணையின் கூட்டுத்தொகைச் சரிபார்ப்பையும் சேர்த்துத் திருத்தின பிறகு, 24 அங்குலத் திரையில் படம் வந்தது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். ஆனால் 1280க்கு 720இல் மட்டும்தான் படம் நின்றது. 1920க்கு 1080 என்று மாற்றினால் பச்சைப் புள்ளிகள் கொட்டுண்டு, திரை கறுத்து, திரும்ப வந்து, திரும்பக் கறுத்தது. 720இல் ஒவ்வொரு நிறச் சோடியிலும் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 74 கோடி பிட்கள் ஓடுகின்றன, 1080இல் அதன் இரண்டு மடங்கு. அவ்வளவு வேகத்தில் சோடியின் இரண்டு கோடும் ஒரே நீளமாக, ஒரே இடைவெளியில் போகவேண்டும். 7ஆம் கால் ஒரு சோடியின் பாதி. நான் பிய்த்த அந்தத் திட்டுக்குப் பதிலாகப் போட்ட வயர் பாலம் மல்டிமீட்டருக்குப் போதும், இந்த வேகத்துக்குப் போதாது. வயரைக் குறுக்கியும் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. 24 அங்குலத் திரையில் 720 என்றால் கல்வெட்டின் சின்ன எழுத்து மங்கித் தெரியும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று வாசிக்க முடியாது. எனக்கு அது உதவாது.

23ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு கடையில் பாவித்த ஜிடி 710 கட்டைக் கார்ட் ஒன்று 9,500 ரூபாவுக்கு எடுத்தேன். அதுவும் அதிர்ஷ்டத்தால் இல்லை, அன்றுதான் நாலு கடைக்குப் போன் எடுத்து விசாரித்தேன், மூன்றாவது கடையிலேயே இருந்தது. முதல் நாளே இப்படி நாலு கடைக்கு எடுத்திருக்கலாம். இந்தக் கார்ட் 19 வோட் தான் குடிக்கும், தனிப் பவர் வயர் வேண்டாம், ஒபிஸ் இயந்திரத்தின் சின்னப் பவர் சப்ளைக்கே போதும். வாங்கும்போது கட்டைத் தகடு கூடவே வருகிறதா என்று கேளுங்கள், பாவித்த கார்ட்களில் பெரும்பாலும் அது தொலைந்திருக்கும், அது இல்லாமல் ஒடுக்கமான கேசிங்கில் பூட்ட முடியாது. விஜிஏ துண்டு ஒரு பட்டை வயரில் தனியாக வரும், அது பக்கத்து இடத்தையும் பிடிக்கும், அந்த இடம் காலியா என்று பாருங்கள். பல ஒபிஸ் இயந்திரங்களில் கார்ட் குத்தியதும் மதர்போட்டின் சொந்த விஜிஏ நின்றுவிடும், ஆகவே இரண்டு மொனிட்டரையும் கார்ட்டிலேயே கொழுவ நினைத்து வாங்குங்கள். கார்ட் குத்த இடமே இல்லாத மிகச் சின்ன இயந்திரம் என்றால் யூஎஸ்பியில் கொழுவுகிற திரை அடாப்டர் இருக்கிறது, வீடியோவுக்கு அவ்வளவு சரியில்லை, எழுத்து வேலைக்குப் போதும்.

கேசிங்கை மூடி, கார்ட்டைக் குத்தி, இரண்டு மொனிட்டரும் எரிய 15 நிமிடம் எடுத்தது. நான் ஈயம் வைத்த எச்டிஎம்ஐ இன்னும் பின்பக்கத்தில் இருக்கிறது, யாரும் தெரியாமல் கொழுவிவிடாமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பயோஸின் மூலப் பிரதியை இரண்டு பென்ட்ரைவிலும் மெயிலிலும் வைத்திருக்கிறேன். போன் அண்ணையிடம் கார்ட் போட்டுவிட்டேன் என்று சொல்லப் போனபோது, மிஞ்சின நாலு சொக்கட்டையும் அவருக்கே கொடுத்தேன். அதில் ஒன்றை அடுத்த நாளே யாருடைய டிவிக்கோ வைத்தாராம், அதில் மற்றச் சாமான் எல்லாம் ஏற்கெனவே இருந்தது.